ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை... பயோமெடிக்கல் இன்ஜினீயர் ஆக நினைப்பவர்கள் அந்த ஒரு வருஷத்தை என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் ப்ளஸ் ஒன் மாணவர்களுக்குப் பொதுத்தேர்வு இல்லை. 2025 ஆகஸ்ட்டில் தமிழக அரசு வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையில் இருந்த இந்த முடிவு, 2025-26 கல்வியாண்டிலிருந்தே நடைமுறைக்கு வந்துவிட்டது. பத்தாவது, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ என்று வரிசையாக மூன்று வருஷம் பொதுத்தேர்வு எழுதிய அண்ணன், அக்காக்களைப் பார்த்தவர்களுக்கு, "அப்பாடா" என்றுதான் தோன்றியிருக்கும்.

ஆனால், இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு 2017-18 கல்வியாண்டில்தான் கொண்டுவரப்பட்டது. ஏன்? பல பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்குத் தொட்டுவிட்டு, இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே ஓட்டிக்கொண்டிருந்தன. மாணவர்கள் ப்ளஸ் டூவில் மார்க்கை அள்ளினார்கள். காலேஜ் முதல் செமஸ்டரில் கணக்கில் தடுமாறினார்கள். அந்த வழக்கத்துக்குப் போட்ட பூட்டைத்தான் இப்போது திறந்திருக்கிறார்கள்.

இந்த மாற்றம் எல்லாரையும் பாதிக்கும் என்றாலும், ஒரு கூட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்கு.

'டாக்டர் ஆகலைன்னா இது' கிடையாது!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "நீட் கிடைக்கலைன்னா பயோமெடிக்கல் சேர்ந்துடு, அதுவும் ஆஸ்பத்திரிதானே" என்று சொல்லும் சித்தப்பா எல்லா வீட்டிலும் இருக்கிறார். அவர் சொல்வதில் பாதிதான் சரி. ஆஸ்பத்திரி சரி. ஆனால், நோயாளியைப் பரிசோதிப்பதும் மருந்து எழுதுவதும் இந்தப் படிப்பில் வராது. சர்க்யூட், சிக்னல், கோடிங், பொருள்களின் தன்மை, அதற்கெல்லாம் அடியில் நிறைய கணக்கு... இதுதான் நான்கு வருஷமும்.

சி.டி ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் இல்லை, இங்கிலாந்தின் இ.எம்.ஐ நிறுவனத்தில் வேலை பார்த்த எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர். 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் மூளை அந்த இயந்திரத்தில் படமாக்கப்பட்டது. 1979-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு, மருத்துவத்துக்கானது. எக்ஸ்ரேயைப் பல கோணங்களிலிருந்து எடுத்து, அந்த எண்களையெல்லாம் சேர்த்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதுதான் அவர் செய்த வேலை. மருத்துவத்துக்கான நோபல் பரிசுக்குப் பின்னால் இருந்தது ஒரு கணக்கு!

நம்ம பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் உருவான 'சித்ரா' செயற்கை இதய வால்வு. வெளிநாட்டு வால்வு வாங்க முடியாதவர்களுக்காகத் தொடங்கிய முயற்சி. 1990 டிசம்பரில்தான் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முன் செய்த மூன்று மாதிரிகளும் தோல்வி. நான்காவதுதான் நின்றது. சர்ஜன் தலைமையில் இன்ஜினீயர்கள் உட்கார்ந்து, உடைந்ததை ஆராய்ந்து, பொருளை மாற்றி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்தத் துறையின் அன்றாடம் இப்படித்தான் இருக்கும். இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஆர்வம் வருகிறதா, அலுப்பு வருகிறதா? பதிலை மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சலிங் உங்களை எப்படிப் பார்க்கிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிற மாணவர்கள் ஹைஸ்கூலிலேயே ஆஸ்பத்திரியில் தன்னார்வலராக வேலை பார்ப்பார்கள், ரோபோட்டிக்ஸ் கிளப்பில் சேருவார்கள், லேபில் கோடை விடுமுறையைக் கழிப்பார்கள். அங்கே பல கல்லூரிகளுக்குப் பொதுவாக இருக்கும் 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் இதையெல்லாம் சொல்ல 10 இடங்கள் இருக்கின்றன. படித்துப் பார்த்து, ஆளை எடைபோட்டு, ஸீட் கொடுப்பார்கள்.

நம்ம ஊர் டி.என்.இ.ஏ கவுன்சலிங்கில் அப்படி ஓர் இடம்கூடக் கிடையாது. கணக்கு மார்க் நூற்றுக்கு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மொத்தம் 200. அதுதான் கட்-ஆஃப். நீங்கள் வீட்டில் இ.சி.ஜி சர்க்யூட் செய்திருந்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பயாலஜியில் சென்டம் எடுத்திருந்தால்கூட அந்த 200-ல் ஒரு மார்க் ஏறாது.

"அப்புறம் எதுக்கு இதெல்லாம்? பேசாம படிச்சு மார்க் வாங்கிட்டுப் போறேன்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஆனால், கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அங்கே உங்களுக்கு இந்தத் துறை ஒத்துவருமா என்று பார்க்க இன்னொருவர் இருக்கிறார். இங்கே அந்த வேலையைச் செய்ய யாருமே இல்லை. கவுன்சலிங் ஸ்கிரீனில் கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும் அந்த சில நாள்களில், உங்களுக்கு இது பிடிக்குமா என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். பள்ளிக்கூட அனுபவங்கள் இங்கே ஸீட் வாங்கித் தராது. தப்பான ஸீட்டை எடுக்காமல் தடுக்கும். நான்கு வருஷமும் ஒரு கல்விக்கடனும் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அது சின்ன லாபம் இல்லை.

அரசுப் பள்ளியில் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2021-ல் வந்த சட்டப்படி இன்ஜினீயரிங்கிலும் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. காசு என்ற தடை விலகும்போது, 'எது கிடைக்கும்' என்ற கேள்வி 'எது வேண்டும்' என்று மாறுகிறது. அதற்குப் பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, சொந்த அனுபவம்தான் வழிகாட்டி.

பயோ-மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா?

பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாளே வரும் கேள்வி இது. டி.என்.இ.ஏ-வில் பயோமெடிக்கல் எடுக்க, கணக்கு, இயற்பியல், வேதியியல் இருந்தால் போதும். நான்காவது பாடம் பயாலஜியா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்பது தகுதிக்குத் தடை இல்லை. கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் எடுத்தால்தான் சிக்கல். இந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

பயோ-மேத்ஸ் எடுத்தால் நீட் வாய்ப்பும் கையில் இருக்கும். இதயம், நரம்பு, சிறுநீரகம் எல்லாம் காலேஜில் வரும்போது அறிமுகமான முகமாக இருக்கும். ஆனால், சுமை அதிகம். நீட்டுக்கும் தயாராகி, கணக்கிலும் கட்-ஆஃப் காப்பாற்றுவது எல்லாராலும் முடிகிற காரியம் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் ப்ளஸ் ஒன்னில் சி++, ப்ளஸ் டூவில் பைத்தான் படிப்பீர்கள். அது நேரடியாகக் கைகொடுக்கும். விட்டுப்போன உடலியலைக் காலேஜில் பிடித்துக்கொள்ளலாம், கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

பயாலஜிக்கு நிஜமாகவே வேலை இருக்கும் ஒரு வாசலும் உண்டு. ஐஐடி மெட்ராஸ் 2023-ல் தொடங்கிய 'மெடிக்கல் சயின்சஸ் அண்டு இன்ஜினீயரிங்' என்ற நான்கு வருஷ பி.எஸ் படிப்பு. இதற்கு ஜே.இ.இ கிடையாது. ஐசர் நிறுவனங்களுக்கான ஐ.ஏ.டி நுழைவுத்தேர்வு மூலம்தான் சேர்க்கை. அதில் பயாலஜி, வேதியியல், கணக்கு, இயற்பியல் நான்கிலிருந்தும் சமமாகக் கேள்விகள் வரும். ஐஐடி ஹைதராபாத்தின் பி.டெக் பயோமெடிக்கலுக்கு வழக்கமான ஜே.இ.இ அட்வான்ஸ்டு வழிதான்.

என் கணிப்பு இது: டாக்டர் ஆசை உண்மையிலேயே இருந்தால் பயோ-மேத்ஸ். 'வீட்டில் சொல்கிறார்கள்' என்பது மட்டும்தான் காரணம் என்றால், கணக்கை வலுவாக வைத்துக்கொண்டு எந்தக் குரூப்பிலும் சேரலாம்.

தாண்டக் கூடாத ப்ளஸ் ஒன்

இனி அந்தத் திறந்த பூட்டுக்கு வருவோம். மாநிலப் பாடத்திட்டத்தில் செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு மண்டலம் எல்லாம் ப்ளஸ் ஒன் விலங்கியலில்தான் இருக்கின்றன. ப்ளஸ் டூவில் இனப்பெருக்கம், மரபியல், நோய் எதிர்ப்பு, உயிர்தொழில்நுட்பம் என்று வண்டி வேறு பாதையில் போய்விடும். பாகுநிலை, பெர்னௌலி தேற்றம், அலைவுகள், அலைகள்... ரத்தம் குழாயில் ஓடுவதையும் அல்ட்ராசவுண்டு வேலை செய்வதையும் புரிந்துகொள்ள அடிப்படையான இவை ப்ளஸ் ஒன் இயற்பியல். வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் அறிமுகமாவது ப்ளஸ் ஒன் கணக்கில்.

அதாவது, பயோமெடிக்கலுக்கு அஸ்திவாரமான பாடங்களில் பெரும்பகுதி, இப்போது பொதுத்தேர்வு இல்லாத வருஷத்தில் இருக்கிறது. உங்கள் பள்ளி ஜூன் மாதமே ப்ளஸ் டூ புத்தகத்தைக் கையில் கொடுத்தால், பெற்றோர் கூட்டத்தில் கேள்வி கேளுங்கள். பலன் இல்லையா? நீங்களாவது அந்தப் பாடங்களைத் தனியாக முடித்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லா அனுபவங்களையும்விட இதுதான் முதலில் வரவேண்டியது.

அனுபவம் 1: வீட்டிலேயே இருக்கிறது லேப்

பாட்டியின் பி.பி மெஷின், அப்பாவின் குளுக்கோமீட்டர், கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் தூங்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் இவற்றில் ஒன்று இருக்கும். இங்கிருந்தே தொடங்கலாம்.

பத்து நாள், ஒரே நேரத்தில், ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு உங்கள் பி.பி-யைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை எடுங்கள். ஒருநாள் கையைத் தொங்கவிட்டு எடுங்கள், மறுநாள் இதயத்தின் மட்டத்தில் வைத்து எடுங்கள். நோட்டில் எழுதுங்கள். கை கீழே இருந்தால் அளவு கூடும். பட்டை கைக்குச் சின்னதாக இருந்தாலும் கூடும். அதே உடம்பு, அதே மெஷின், வேறு எண். இது ஏன் என்று யோசிக்க ஆரம்பிக்கும்போதே நீங்கள் பாதி பயோமெடிக்கல் இன்ஜினீயர்.

குளுக்கோமீட்டரில் இன்னொரு பாடம் இருக்கிறது. "லேப்ல 200, வீட்டு மெஷின்ல 182... மெஷின் டூப்பு" என்று அப்பா திட்டுவார். ஆனால், இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தர அளவு, 100-க்கு மேற்பட்ட சர்க்கரை அளவுகளில் 15 சதவிகிதம் வரை முன்பின் இருப்பதை ஏற்கிறது. லேப் 200 சொன்னால், வீட்டு மெஷின் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது விதிக்கு உட்பட்டதுதான். எவ்வளவு பிழையை ஏற்கலாம், அதைத் தாண்டினால் யாருக்கு என்ன ஆகும் என்று முடிவு செய்வதும் இன்ஜினீயரின் வேலையே.

பிழை எல்லாருக்கும் ஒரே மாதிரி விழுவதும் இல்லை. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விரலுக்குள் ஒளியை அனுப்பி ஆக்ஸிஜனைக் கணக்கிடுகிறது. தோலின் நிறமி அந்த ஒளியில் குறுக்கிடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிஷிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: மெஷின் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தை நேரடியாகச் சோதித்தால் ஆக்ஸிஜன் 88-க்கும் கீழே இருந்தது, கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவிகிதம், வெள்ளையரிடம் 3.6 சதவிகிதம். மூன்று மடங்கு வித்தியாசம்! பல பத்தாண்டுகளாக ஆஸ்பத்திரிகளில் புழங்கிய கருவி இது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பல்வேறு தோல் நிறத்தவரிடமும் சோதிக்கச் சொல்லும் புதிய வரைவு வழிகாட்டுதலை 2025 ஜனவரியில்தான் கொண்டுவந்தது.

மாநிறமும் கறுப்புமாக இருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தியா? யாருடைய உடம்பை மனதில் வைத்து ஒரு கருவி செய்யப்படுகிறது என்பதே இந்தத் துறையின் மிகப் பெரிய கேள்வி. அதைக் கேட்க இங்கிருந்தும் ஆள்கள் போகவேண்டும்.

அனுபவம் 2: கையில் அழுக்கு படட்டும்

பழைய ரேடியோ, பொம்மை கார், வேலை செய்யாத ஹெட்போன் எதையாவது பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? சால்டரிங் அயர்ன் பிடித்திருக்கிறீர்களா? உங்கள் தெருவில் இருக்கும் டி.வி, மொபைல் சர்வீஸ் கடை அண்ணனிடம் ஒரு மாத விடுமுறையில் உட்கார்ந்து பாருங்கள். மல்ட்டிமீட்டரை எங்கே வைத்து எதைப் பார்க்கிறார், எந்த வரிசையில் சந்தேகப்படுகிறார் என்று கவனியுங்கள். அந்த வரிசைதான் பாடம்.

பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருந்தால், பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டாலும் ஓர் ஆர்டுயினோ போர்டும் நாடித்துடிப்பு சென்சாரும் சில நூறு ரூபாய்க்குள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ கிடைத்துவிடும். விரலை வைத்தால் துடிப்பு திரையில் அலையாக ஏறும். விரலை லேசாக அசைத்தால் அலை சிதறும். அந்தச் சிதறலை எப்படிக் குறைப்பது என்று இரண்டு மாலை மண்டையை உடைத்துக்கொள்வதில்தான் விஷயமே.

ஒரு எச்சரிக்கை: வீட்டுக் கரன்ட்டில் ஓடும் எதையும் உடம்போடு இணைக்காதீர்கள். சார்ஜரில் இருக்கும் லேப்டாப்போடு இணைத்த சர்க்யூட்டும் அதில் அடக்கம். உடம்பைத் தொடும் எதற்கும் பேட்டரி மட்டும்தான். மைக்ரோவேவ், பழைய டி.வி போன்றவற்றை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். தனியாகப் பிரிக்கவே வேண்டாம்.

அனுபவம் 3: போனில் ஒரு இதயம்

'காசு இல்ல, லேப் இல்ல' என்றால் இது உங்களுக்கு. 'ஃபிஸியோநெட்' என்ற இணையதளத்தில் உண்மையான நோயாளிகளின் இ.சி.ஜி பதிவுகள், பெயர், அடையாளம் நீக்கப்பட்டு, இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் புகழ்பெற்றது எம்.ஐ.டி - பெத் இஸ்ரேல் மருத்துவமனைத் தொகுப்பு. 47 பேரிடம் எடுத்த 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரைமணி நேரம், நொடிக்கு 360 எண்கள். ஒரு பதிவில் மட்டும் சுமார் ஆறரை லட்சம் எண்கள்.

கூகுள் கோலாப் உங்கள் போன் பிரவுசரிலேயே ஓடும். ப்ளஸ் டூ பைத்தான் தெரிந்தால், அந்த எண்களை வரைந்து, உச்சிகளை எண்ணி, நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று கண்டுபிடிக்கும் புரோகிராமை ஒரு வாரத்தில் எழுதலாம். முதல் பதிவில் சரியாக வரும். நாலாவது பதிவில் சொதப்பும். சொதப்பியதற்குக் காரணம் மெஷின் இரைச்சலா, நோயாளியின் இதயமே அப்படியா என்று பிரித்துப் பார்க்க உட்காரும்போது மணி போவது தெரியவில்லை என்றால், நல்ல அறிகுறி. 'யாராவது கோடு அனுப்புங்க' என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கத் தோன்றினால், அதுவும் ஒரு தகவல்தான்.

அனுபவம் 4: ஆஸ்பத்திரியின் இன்னொரு வாசல்

பள்ளி மாணவர்கள் ஆஸ்பத்திரியில் தன்னார்வலராகச் சேரும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இல்லை. ஐ.சி.யூ-வுக்குள் வேடிக்கை பார்க்கப் போவதும் சரியில்லை. அங்கே படுத்திருப்பவருக்கு அந்தரங்கம் உண்டு. ஆனால், கொஞ்சம் பெரிய ஆஸ்பத்திரிகளில் பயோமெடிக்கல் பிரிவு என்று ஒன்று இருக்கும். வென்ட்டிலேட்டர், மானிட்டர், இன்ஃபியூஷன் பம்ப் எல்லாம் ரிப்பேருக்கும் சோதனைக்கும் வந்து போகும் இடம். தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி, ஒருநாள் அங்கே உட்கார அனுமதி கேட்கலாம். எல்லா இடத்திலும் கிடைக்காது. நாலு இடம் கேட்டால் ஓர் இடத்திலாவது 'சரி வாப்பா' என்பார்கள்.

போனால், போட்டோ எடுக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். அதிகம் ரிப்பேருக்கு வரும் கருவி எது? அது ஏன் கெடுகிறது? அதைச் செய்த கம்பெனிக்கு ஒரு விஷயம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் என்ன சொல்வீர்கள்? இதே மூன்றாவது கேள்வியை ஒரு நர்ஸ் அக்காவிடமும் கேளுங்கள். அலாரம் சத்தம், கைக்கு எட்டாத பட்டன், சுற்றிக்கொள்ளும் ஒயர் என்று அவர் சொல்லும் பட்டியல், பல புத்தகங்களில் இருக்காது.

அனுபவம் 5: கருவியோடு வாழ்பவர்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செயற்கைக் கால், காது கேட்கும் கருவி, வீல்சேர்... இவற்றில் ஒன்றோடு வாழும் ஒருவர் உங்கள் உறவிலோ தெருவிலோ இருப்பார். அவருக்கு உதவி செய்கிற தோரணையில் போகாமல், தெரிந்துகொள்ளப் போங்கள். சம்மதித்தால் மட்டும் கேளுங்கள். காது கருவியை ஏன் கழற்றி வைத்துவிடுகிறார்? வீல்சேர் எந்த வாசற்படியில் நிற்கிறது?

இப்படிக் கேட்டதால் உருவானவை உண்டு. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசனின் குழு, எழுந்து நிற்க வைக்கும் 'அரைஸ்' வீல்சேரை 2019-ல் வெளியிட்டது. அங்கே உருவான 'நியோபோல்ட்' வீல்சேரின் முன்னால் மாட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்டிச் செல்லும் மோட்டார் வண்டி. செயற்கை முழங்கால் மூட்டான 'கதம்' 2022-ல் வந்தது. இதில் கவனிக்கவேண்டிய விஷயம், சுஜாதா இருப்பது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் துறையில்!

அப்போ பயோமெடிக்கலே எடுக்கணுமா?

கட்டாயம் இல்லை. வருஷக் கடைசியில் உங்கள் நோட்டைப் புரட்டுங்கள். அனுபவம் 2-ல் நேரம் போனதே தெரியவில்லையா? இ.சி.இ அல்லது மெக்கானிக்கல் எடுத்து, பின்னால் எம்.டெக்கில் பயோமெடிக்கல் பக்கம் வரலாம். கேட் தேர்விலும் 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் இருக்கிறது. அனுபவம் 3 மட்டும்தான் பிடித்ததா? கம்ப்யூட்டர் சயின்ஸ் வழியாகவும் மருத்துவத் தரவுகளுக்குப் போகலாம். ஆஸ்பத்திரியில் மெஷினைவிட நோயாளியிடம்தான் கண் போனதா? நர்ஸிங், பிசியோதெரபி, ஏன், இன்னொரு முறை நீட்கூட யோசிக்கலாம். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பிடித்தது, ஒன்றை விட்டு ஒன்று பார்க்க மனமில்லை என்றால், அப்போதுதான் பயோமெடிக்கல் உங்களுடையது.

வேலை பற்றியும் பேசிவிடுவோம். இந்தியா தனக்குத் தேவையான மருத்துவக் கருவிகளில் 70 முதல் 80 சதவிகிதம் வரை இறக்குமதியை நம்பியிருப்பதாகவே பல வருஷமாகச் சொல்லப்படுகிறது. இதை மாற்றத்தான் 2023-ல் தேசிய மருத்துவக் கருவிகள் கொள்கை வந்தது. மருத்துவக் கருவிப் பூங்காக்களுக்குத் தேர்வான நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, இடம் ஒரகடம். 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டதால், தரச் சோதனை, உரிமம் சார்ந்த வேலைகளுக்கும் ஆள் தேவை.

ஆனால், கொள்கை அறிவித்த மறுநாளே கேம்பஸ் இன்டர்வியூ வந்துவிடாது. கருவியை வடிவமைக்கும் வேலைகள் குறைவு. பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் பராமரிப்பு, கம்பெனி சர்வீஸ், விற்பனை என்றுதான் தொடங்கும். கணிசமானவர்கள் ஐ.டி பக்கம் போய்விடுகிறார்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன், 'பிளேஸ்மென்ட் எத்தனை சதவிகிதம்' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'அதில் மருத்துவக் கருவித் துறையில் எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரியோடு உங்களுக்குத் தொடர்பு, மாணவர்கள் எந்த வருஷத்திலிருந்து அங்கே போகிறார்கள்' என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால், அதுவே பதில்.

இவை வேண்டாமே!

'ஏழே நாளில் ஹெல்த்கேர் ஏ.ஐ சர்டிஃபிகேட்' என்று பள்ளி மாணவர்களைக் குறிவைத்து ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் விளம்பரங்கள் இன்ஸ்டாவில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. டி.என்.இ.ஏ-வில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு பூஜ்யம். வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும், ஒரே விஷயத்தை இரண்டு வருஷம் தொடர்ந்து செய்ததுதான் பேசும். பத்து சர்டிஃபிகேட் பேசாது.

ஐந்தையும் ஒரே வருஷத்தில் செய்து முடிக்கவும் தேவையில்லை. இரண்டு போதும். ஒன்று, கையும் கணக்கும் சம்பந்தப்பட்டது. இன்னொன்று, மனிதர்கள் சம்பந்தப்பட்டது. முதலாவது மட்டும் பிடித்தால் நீங்கள் இன்ஜினீயர். இரண்டாவது மட்டும் பிடித்தால் மருத்துவம் சார்ந்த வேறு படிப்பு. இரண்டும் பிடித்தால்தான் இந்தப் பெயரின் இரண்டு பாதிகளும் உங்களுக்குப் பொருந்தும்.

பெற்றோர் யாராவது இதைப் படித்தால், ஒரு வார்த்தை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் போதும். அதை 'படிக்கிற நேரத்துல விளையாட்டு' என்று கணக்கில் எழுதாதீர்கள். ப்ளஸ் டூ வந்துவிட்டால் அந்த மூன்று மணி நேரமும் கிடைக்காது. கட்-ஆஃப் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

அதனால், இன்றைக்கே தொடங்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள். முதல் பக்கத்தில் பாட்டியின் பி.பி-யை மூன்று முறை எடுத்து எழுதுங்கள். மூன்று எண்ணும் ஒன்றாக இருக்காது. ஏன் என்று பாட்டி கேட்பார். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பாருங்கள்.